பூனைக்குட்டியின் நிறம் ஒற்றை மயிரில் இருக்கிறது

சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவில், தெருவில் திரியும் மூவண்ணப் பூனை ஒன்று ஐந்து குட்டிகள் போட்டிருப்பதாகவும், அவற்றுக்கு இப்போது ஆறு வாரம் ஆகிறது என்றும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று படங்களும் அனுப்பியிருந்தீர்கள். ஒன்று செம்பட்டையில் வரி, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பலில் வரி, ஒன்று கறுப்பும் செம்மையும் குழம்பியது, ஒன்று எந்த நிறம் என்றே சொல்ல முடியாத மண் நிறம். இவற்றை என்ன நிறம் என்று சொல்வது, வளர்ந்த பின்னும் இதே நிறம் நிற்குமா, கறுப்புக் குட்டியின் உடம்பில் வெயிலில் மட்டும் வரி தெரிகிறதே அது கறுப்புதானா, சாம்பல் குட்டியைப் பார்த்துப் பிராணிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் “பெங்கால் ஜாதி” என்றாரே அது மெய்யா, தகப்பன் எதிர்வீட்டுச் செம்பூனையா கோழிக்கடைக் கரும்பூனையா என்று ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கடைசிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. அதை முதலிலேயே சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால் கடைசிக்கே வைத்துக்கொள்கிறேன்.

நான் காட்பாடியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்த கொசப்பேட்டை வீட்டில் பூனை இல்லாத நாளே கிடையாது. பொய்கைச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்கள் காரி, செவலை, மயிலை, மறை என்று நிறத்துக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பூனைக்கு அப்படி யாரும் மெனக்கெடவில்லை; காசு கொடுத்து வாங்காத பிராணிக்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டார்கள் போலும். ஆகவே மாட்டுக்காரர்களிடம் இரண்டொரு சொல்லைக் கடன் வாங்கியும், இல்லாத இடத்தில் நானே ஒன்றைச் சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். காலை எட்டு மணி வெயில் சாய்வாக விழும் வாசற்படியில் உட்கார்ந்து, சாம்பல் குட்டியை மடியில் குப்புறப் படுக்க வைத்து, விலா எலும்புக்கு மேல், இரண்டு கறுப்பு வரிகளுக்கு நடுவே உள்ள வெளிர்ந்த இடத்தில் மெல்ல ஊதுங்கள். மயிர் பிரிந்து வட்டமாக ஒதுங்கும். அங்கே ஒவ்வொரு மயிரும் ஒரே நிறமாக இராது. நுனி கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள் கலந்த ஒரு வளையம், அடியில் மங்கலான சாம்பல் என்று அடுக்கடுக்காக இருக்கும். இப்போது கறுப்பு வரியின் மேலேயே ஊதுங்கள். அங்கே மஞ்சள் வளையம் ஏறக்குறைய இல்லை; மயிர் பெரும்பாலும் கறுப்பு. அடுத்து கறுப்புக் குட்டியை எடுத்து அதே இடத்தில் ஊதினால் நுனியிலிருந்து அடிவரை ஒரே கறுப்பு; அடியில் கொஞ்சம் வெளுத்திருக்கலாம், ஆனால் வளையம் இராது. பூனை நிறத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி இந்த மூன்று ஊதலில் முடிந்துவிடுகிறது. தூரத்தில் நின்று முழுப் பூனையையும் பார்த்து நிறம் சொல்கிறவர்கள் தவறுவது இதனால்தான். “சாம்பல்” என்று நீங்கள் எழுதிய குட்டியின் உடம்பில் முழுக்கச் சாம்பலான மயிர் ஒன்றுகூட இல்லை. கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி அடுக்கிய மயிர்கள் சேர்ந்து நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன.

பூனையின் உடம்பில் இருக்கும் நிறமிகள் இரண்டே. கறுப்பு தருவது யூமெலனின்; செம்மையும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். மயிர் வளரும்போது அதன் வேரில் இருக்கும் நிறமி அணுக்கள் முதலில் கறுப்பைச் சுரந்து, இடையில் சிறிது நேரம் மஞ்சளுக்கு மாறி, மறுபடி கறுப்புக்குத் திரும்பினால் மேலே சொன்ன வளையம் விழும். இப்படி மாற்றிவிடுவது அகூட்டி என்னும் மரபணு. அது இயங்கும் பூனை வரிப்பூனை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அதன் பழுதுபட்ட பிரதிகள் இரண்டும் வந்து சேர்ந்தால் மாற்றமே நடப்பதில்லை, பூனை முழுக்கறுப்பாகிறது. பூனைகளில் அந்தப் பழுது மரபணுவின் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டுப் போனதுதான் என்பது 2003-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆக, கறுப்பு என்பது வரியின் எதிர்ப்பதம் இல்லை. வரி இருந்தும் அதைக் காட்ட வழியில்லாத நிலை.

உங்கள் கறுப்புக் குட்டியின் சங்கதி இதுதான். எல்லாப் பூனையின் தோலிலும் வரிக்கான வரைபடம் கருவிலேயே விழுந்துவிடுகிறது. கரும்பூனையில் வரியும் கறுப்பு, இடைவெளியும் கறுப்பு என்பதால் அது மறைந்துவிடுகிறது. ஆனால் குட்டிப் பருவத்தில் மறைப்பு முழுமையாக இருப்பதில்லை, பட்டுத்துணியில் அதே நிற நூலால் கரை போட்டது போல வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரியும். ஐந்தாறு மாதத்தில் பெரிய மயிர் வந்ததும் இது பெரும்பாலும் மறைந்துவிடும். சந்தேகம் தீர முகத்தைப் பாருங்கள். வரிப்பூனை எவ்வளவு இருண்டதாக இருந்தாலும் மோவாய், கண்ணைச் சுற்றிய ஓரம், காதின் உள்மயிர் ஆகியவை வெளிறியிருக்கும். காதின் பின்புறத்தில் பெருவிரலால் மாவைத் தொட்டு வைத்தது போல ஒரு வெளிர் தடமும் இருக்கும். மூக்கின் நுனி செங்கல் நிறத்தில், கறுப்பு விளிம்போடு இருக்கும். கரும்பூனைக்கு மூக்கும் கறுப்பு, மோவாயும் கறுப்பு. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் குட்டி கொட்டாவி விடுகிறது; மோவாய் நல்ல கறுப்பு. ஐயமில்லை.

வேலூர் வெயிலில் கரும்பூனை துருப்பிடித்த இரும்பு போல ஆவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த மே மாதம் நீங்களே கேட்பீர்கள். வெயில் கறுப்பு நிறமியைச் சிதைக்கிறது. முதுகும் தொடையும் செம்பழுப்பாக மாறும். டைரோசின் என்னும் அமினோ அமிலம் உணவில் குறைந்தாலும் கரும்பூனையின் மயிர் செம்மை தட்டும் என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். பாலும் சோறும் மட்டும் தின்று வளரும் பூனைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். மீனோ முட்டையோ தொடர்ந்து கிடைத்தால் அடுத்த மயிர் உதிர்வுக்குப் பின் கறுப்பு திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

இனி வரிகளின் வகை. இவற்றுக்கு உலகமெங்கும் வழங்கும் பொதுப்பெயர் டேபி. பாக்தாத் நகரில் அத்தாபிய்யா என்றொரு பகுதியில் நெய்த வரிப்பட்டுக்கு அந்த இடத்தின் பெயரே அமைந்து, அது ஐரோப்பிய மொழிகள் வழியாகப் பூனைக்கு வந்து சேர்ந்தது. நம் குடியாத்தத்தில் நெய்த கைலியை வைத்து ஒரு பூனைக்குப் பெயரிட்டிருந்தால் எப்படியோ அப்படி.

வரிப்பூனை எதுவாயினும் நெற்றியில் ஆங்கில எம் எழுத்து போன்ற ஒரு குறி இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதை நாமம் என்பார்கள். கண் கோடியிலிருந்து கன்னத்தை நோக்கி மையிட்டது போல ஒரு கோடு இழுத்திருக்கும், வாலில் வளையங்கள் இருக்கும், முன்னங்கால்களில் காப்புப் போட்டது போலக் கட்டுகள் இருக்கும். இவை எல்லா வகைக்கும் ஏறக்குறைய பொது. ஆகவே நாமத்தைப் பார்த்து வகை சொல்ல முடியாது. விலாவைப் பார்க்க வேண்டும்.

விலாவில் முதுகெலும்பிலிருந்து வயிற்றை நோக்கி மீன்முள் போல மெல்லிய வரிகள் நேராக இறங்கினால் அது மேக்கரல் டேபி. மேலை நாட்டுக் கடல்களின் கானாங்கெளுத்தி மீனுக்கு முதுகில் ஓடும் குறுக்கு வரிகளை வைத்து அந்தப் பெயர். பூனைகளின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையிலிருந்து வழிவழியாக வந்த கோலம் இதுதான். உங்கள் சாம்பல் குட்டியும் செம்பட்டைக் குட்டியும் இந்த வகையே. வரிகள் ஆங்காங்கே அறுந்து புள்ளி புள்ளியாக நின்றால் அதைப் புள்ளி டேபி என்கிறார்கள். குட்டியில் கோடாக இருப்பது வளர்ந்த பின் அறுந்து புள்ளியாவதும் உண்டு, ஆகையால் ஆறு வாரத்தில் இந்த இரண்டுக்கும் இடையே அடித்துப் பேச வேண்டாம்.

மூன்றாவது வகை சுழி. விலாவில் கோடுகளுக்குப் பதில் அகன்ற பட்டைகள் வளைந்து, நடுவில் ஒரு திட்டை வைத்துச் சுற்றிச் சுழித்திருக்கும். தோள்பட்டையில் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போல ஒரு கோலம் விழும். மேக்கரல் வரியையும் சுழியையும் தீர்மானிப்பது ஒரே மரபணு. அதில் பழுதுபட்ட பிரதிகள் இரண்டும் சேர்ந்தால் சுழி வரும். இந்த மரபணுவை 2012-இல் கண்டுபிடித்தவர்கள், ஆப்பிரிக்காவில் அரிதாகப் பிறக்கும் ‘அரசச் சிறுத்தை’ எனப்படும் சீட்டாவின் திட்டுத் திட்டான கோலத்துக்கும் அதே மரபணுவின் பழுதுதான் காரணம் என்று காட்டினார்கள். பழைய பூனை எலும்புகளிலிருந்து மரபுப்பொருளைப் பிரித்து ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, சுழிக்கான பிரதி துருக்கி நாட்டில் 14-ஆம் நூற்றாண்டுக்குரிய பூனையில்தான் முதன்முதலாகத் தென்படுகிறது. ஐரோப்பாவில் இன்று மூலைக்கு மூலை சுழிப்பூனை. நம் பக்கத்தில் அப்படியில்லை. லாங்கு பஜாரிலும் சைதாப்பேட்டைச் சந்துகளிலும் இத்தனை ஆண்டு நடந்ததில் நல்ல சுழிப்பூனை என்று நான் நின்று பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவற்றிலும் சில யாரோ வாங்கி வளர்த்த பாரசீகப் பூனையின் வழிவந்தவை.

நம் ஊருக்கு உரிய வகை நான்காவது. உங்கள் ஐந்தாவது குட்டி, நிறமே சொல்ல முடியவில்லை என்றீர்களே, அதுதான். அது கீரி நிறம். கீரிப்பிள்ளையின் முதுகைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வரியும் கிடையாது, புள்ளியும் கிடையாது, உடம்பு முழுவதும் உப்பும் மிளகும் தூவியது போல இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மயிரிலும் வளையங்கள் விழுந்திருக்கும். முயலுக்கும் இதே ஏற்பாடுதான். பூனையில் இதை டிக்டு டேபி என்கிறார்கள். முகத்தில் நாமமும் கண்மையும் இருக்கும். விலா மட்டும் வெறுமையாக இருக்கும். இதற்குக் காரணமான மரபணு டி.கே.கே.4 என்பது 2021-இல்தான் உறுதியாயிற்று. கருவின் தோலில் எங்கே வரி, எங்கே இடைவெளி என்று எல்லை பிரிக்கும் வேலை அதனுடையது. அது பழுதானால் எல்லை அழிந்து, முழு உடம்பும் ‘இடைவெளி’யாகவே நின்றுவிடுகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதானாலும் போதும், விலாவின் வரி மறைந்துவிடும். ஆனால் காலிலும் வாலிலும் கட்டுகள் மங்கலாக மிஞ்சும். இரண்டும் பழுதானால் அவையும் பெரும்பாலும் போய்விடும். உங்கள் குட்டிக்கு முன்னங்காலில் மூன்று கட்டு தெளிவாகத் தெரிவதால் அதற்கு ஒரு பிரதி என்று கொள்ளலாம்.

அபிசீனியன் என்று பெயர் பெற்ற விலையுயர்ந்த ஜாதிப் பூனையின் அழகெல்லாம் இந்தக் கீரி நிறம்தான். நெதர்லாந்தில் லெய்டன் அருங்காட்சியகத்தில் 1830-களில் வாங்கி வைத்த, பாடம்செய்த பூனை ஒன்று இருக்கிறது. அபிசீனியன் தோற்றத்தில் இருக்கும் அதன் சீட்டில் ‘இந்தியா’ என்றுதான் எழுதியிருக்கிறது. பெயர் எத்தியோப்பியாவுக்குப் போயிற்று. பூனை நம் கடற்கரையில் கப்பல் ஏறியிருக்க வேண்டும். மண் நிறக் குட்டியை யாரும் கேட்டு வருவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இதன் தொடர்ச்சியாகப் பெங்கால் விவகாரத்தையும் முடித்துவிடலாம். பெங்கால் என்பது ஆசியச் சிறுத்தைப்பூனை என்னும் காட்டு விலங்கை வீட்டுப் பூனையோடு கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம். ஜீன் மில் என்னும் பெண்மணி 1960-களில் தொடங்கி 1980-களில் நிலைநிறுத்தியது. அதற்கு விலாவில் கோடு இராது. பெரிய புள்ளிகளோ, நடுவில் வேறு நிறம் நிரம்பிய வளையப் புள்ளிகளோ இருக்கும், அவை முதுகிலிருந்து கீழே இறங்காமல் தோளிலிருந்து தொடையை நோக்கிப் படுக்கைவாட்டில் ஓடும். உங்கள் குட்டிக்கு இருப்பது சுத்தமான மீன்முள் வரி. இதே போலத்தான் எங்கள் தெருவில் ஒருவர் வரிப்பூனைக் குட்டி ஒன்றைப் பெங்கால் என்று நம்பி ஒரு கடையில் பெருந்தொகை கொடுத்து வாங்கி வந்தார். பத்து மாதத்தில் அது எங்கள் வீட்டு ஓட்டின் மேல் திரியும் பூனைகளோடு நின்றபோது எது அவருடையது என்று அவருக்கே தெரியவில்லை. பூனை மேல் குற்றமில்லை, நல்ல பூனை.

செம்மை தனிக் கதை. அகூட்டி மரபணு இருக்கிறதா இல்லையா என்பது செம்பூனையிடம் எடுபடாது. கறுப்பைச் சுரக்கவே வழியில்லாதபோது கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிவிட ஒன்றுமில்லை. ஆகவே முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டிய செம்பூனையிலும் வரி தெரியும். வரியே இல்லாத செம்பூனை என்று ஒருவர் காட்டினால் அது பெரும்பாலும் கீரி வகைச் செம்பூனையாக இருக்கும். குட்டியின் பாதத் திண்டுகளைத் திருப்பிப் பாருங்கள்: செம்பட்டைக்கு இளஞ்சிவப்பு, சாம்பல் வரிக்குக் கறுப்பு, போதாததற்குச் சாம்பல் வரியின் பின்னங்காலில் பாதத்திலிருந்து குதிகால்வரை அடிப்புறம் மை பூசியது போல இருக்கும். செம்பூனைக்கு ஒரு வயதுக்குமேல் மூக்கிலும் உதட்டிலும் எள் அளவு கறுப்புப் புள்ளிகள் தோன்றலாம். நோயென்று பயந்து மருந்து தடவ வேண்டாம், மச்சம் போன்றவை.

இந்தச் செம்மையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது நூறாண்டுக்கு முன்பே ஊகித்தது. எந்த மரபணு என்பது மட்டும் பிடிபடவே இல்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே தேடி 2025-இல் ஒரே விடையை வெளியிட்டன: ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்னும் மரபணுவின் அருகே ஏறக்குறைய 5,000 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. நான் பாடம் நடத்திய நாளெல்லாம் ‘ஓ மரபணு’ என்று கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக் கடந்துபோனவன். அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை ஓய்வுக்குப் பின் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது செம்மையைச் சுமந்தால் பூனை செம்மை, இல்லையேல் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. இரண்டும் செம்மையானால் செம்பூனை. ஒன்று செம்மை, ஒன்று கறுப்பு என்றால், கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒரு எக்ஸைச் சீட்டுக் குலுக்கியது போலத் தேர்ந்து மூடிவிடுகிறது. எலிகளைக் கொண்டு மேரி லயன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1961-இல் சொன்ன விளக்கம் இது. எந்த அணுவில் எது திறந்திருக்கிறதோ அதன் வழிவந்த தோல் அந்த நிறத்தில் மயிர் முளைக்கும். உங்கள் நான்காவது குட்டியின் குழப்பமான நிறம் அதுதான். ஆமையோட்டு நிறம் என்று மேலை நாட்டில் சொல்வார்கள். அதோடு வெள்ளையும் கணிசமாகச் சேர்ந்தால் நிறங்கள் சிதறாமல் பெரிய பெரிய திட்டுகளாகப் பிரிந்து மூவண்ணமாகும், தாயைப் போல. குலுக்கல் என்று சொன்னது வெறும் உவமையல்ல. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் ஒரு மூவண்ணப் பூனையின் அணுவிலிருந்து நகலெடுத்துப் பிறந்த ‘சிசி’ என்னும் குட்டிக்குச் செம்மையே இல்லை. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும், எடுத்த ஓர் அணுவில் செம்மை எக்ஸ் மூடிக் கிடந்திருக்கிறது.

கறுப்பும் செம்மையும் ஒருசேர உள்ள கடுவன் மூவாயிரத்தில் ஒன்று என்பார்கள். எக்ஸ் ஒன்று கூடுதலாக வந்துவிட்ட பிறவி, அநேகமாக மலடு. உங்கள் நான்காவது குட்டியைப் பெட்டை என்று பார்க்காமலே எழுதிக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. நிறமி மயிருக்குள் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாக நின்றால் கறுப்பு ஈயச் சாம்பலாகவும், செம்மை வெண்ணெய் நிறமாகவும் வெளிறும். உண்மையான சாம்பல் பூனை அதுதான், வரிகூடச் சாம்பலாகவே இருக்கும். உங்கள் குட்டியின் வரி கறுப்பு என்பதால் அது இந்த வகையில் சேராது. வெள்ளை என்பது நிறமில்லை, நிறமி அணுக்கள் போய்ச் சேராத இடம். அதனால்தான் முதுகிலிருந்து தொலைவான பாதம், மார்பு, வயிறு ஆகியவை முதலில் வெளுக்கின்றன. பனி போல முழுவெள்ளையாகப் பிறக்கும் குட்டியின் உச்சந்தலையில் சில சமயம் சாம்பல் கீற்று ஒன்று இருந்து, ஓராண்டில் மறையும். அந்தக் கீற்று அது உள்ளே மறைத்து வைத்திருக்கும் நிறம். அத்தகைய குட்டிக்கு இரண்டு கண்ணும் நீலமாக நின்றுவிட்டால் செவிடாக இருக்க வாய்ப்பு மிகுதி; தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் ஆறு வாரக் குட்டியின் நீலக்கண்ணைக் கண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம், எல்லாக் குட்டிக்கும் அப்போது கண் நீலம்தான். சியாமீஸ் வகை பிறக்கும்போது வெள்ளை. உடம்பில் குளிர்ந்த இடங்களான காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை மட்டும் நாளடைவில் கறுக்கும். அவற்றில் நிறமியை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் வேலை செய்யாது. கருத்தடை அறுவைக்காக விலாவில் மயிரை மழித்த இடம் கறுத்து முளைத்ததைக் கண்டு, தையல் சீழ்ப்பிடித்துவிட்டது என்று ஒருவர் பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்ததுண்டு.

நிறம் நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிறந்த சில நாளில் மயிர் குட்டையாகத் தோலோடு ஒட்டியிருக்கும்போது கோலம் நன்றாகத் தெரியும். அப்போது எடுத்த படம் இருந்தால் தேடி வையுங்கள். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை பஞ்சு போன்ற குட்டிமயிர் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். உங்கள் படங்கள் அத்தனையும் இந்தக் கெட்ட காலத்தில் எடுத்தவை. ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் கோலம் தெளிந்து நிலைக்கும். தாய்க்குச் சினைக்காலத்தில் கடும் காய்ச்சலோ நோயோ வந்திருந்தால் குட்டிகள் வெள்ளி பூசியது போல நரைத்துப் பிறப்பதும் உண்டு. நிறமி சரியாகப் படியாமல் போவதால் வருவது அது, வளர வளரத் தானே உதிர்ந்துவிடும். நானே இதில் ஒருமுறை ஏமாந்தேன். வேலப்பாடியில் ஒரு வீட்டில் ஐந்து வாரக் குட்டியைப் பார்த்து, மயிரின் அடி வெள்ளியும் நுனி கறுப்புமாக உள்ள அரிய ‘புகை’ வகை என்று மேதாவியாகச் சொல்லிவிட்டு வந்தேன். தீபாவளிக்குப் போனபோது அது அட்டைக் கரியாக எதிரே வந்து நின்றது.

இப்போது தகப்பன். தாயின் கறுப்புத் திட்டுகள் வரியோ கீரி நிறமோ இல்லாத முழுக்கறுப்பு என்பது படத்தில் தெரிகிறது. அப்படியானால் அவளிடம் அகூட்டியின் இரண்டு பிரதியும் பழுது. கோழிக்கடைக் கரும்பூனைக்கும் அப்படியே. இந்த இரண்டுக்கும் பிறக்கும் குட்டிக்கு இயங்கும் அகூட்டி எங்கிருந்தும் வராது, ஆகவே சாம்பல் வரிக்குட்டிக்கும் கீரி நிறக் குட்டிக்கும் கரும்பூனை தகப்பனாக முடியாது. எதிர்வீட்டுச் செம்பூனை ஆகலாம்; அது தன் செம்மைக்குள் அகூட்டியை மறைத்து வைத்திருந்து கொடுத்திருக்கும். கீரிக் கோலம் மட்டும் அதனிடமிருந்து வந்ததல்ல, ஏனென்றால் அந்தச் செம்பூனையின் விலாவில் பளிச்சென்று வரி இருக்கிறது. கீரிப் பிரதி ஒன்று இருந்தாலே அந்த வரி அழிந்திருக்கும். தாயின் செம்மைத் திட்டுகளைப் பாருங்கள், வரியே இல்லை. அது அவள் கொடுத்தது.

அடுத்து, செம்பட்டைக் குட்டியும் கறுப்புக் குட்டியும் பெட்டை, சாம்பலும் மண் நிறமும் கடுவன் என்று எழுதியிருந்தீர்கள். செம்பட்டை பெட்டையானால் அதன் இரண்டு எக்ஸும் செம்மை; ஒன்று தகப்பன் கொடுத்தது, ஆகவே தகப்பன் செம்பூனை. கறுப்பு பெட்டையானால் அதன் இரண்டு எக்ஸிலும் செம்மை இல்லை. ஆகவே தகப்பன் செம்பூனை இல்லை. ஒரே கடுவனிடம் இருக்கும் ஒரே எக்ஸ் இரண்டு விதமாக இருக்க முடியாது. உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருப்பது இரண்டு தகப்பன்களின் குட்டிகள். பூனைக்கு இது புதிதல்ல. சேர்க்கைக்குப் பிறகே கருமுட்டை வெளிவரும் பிராணி அது, பருவத்தில் இருக்கும் சில நாளில் பல கடுவன்களோடு சேரும், ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனுக்குக் குட்டி போடும். செம்பட்டை, சாம்பல், கீரி மூன்றும் எதிர்வீட்டுப் பூனைக்கு. கறுப்பு, கோழிக்கடைக்கு, அல்லது நீங்கள் பார்க்காத வேறொரு கடுவனுக்கு. ஆமையோட்டுக் குட்டி யாருக்கு வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். நிறம் அதைச் சொல்லாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் நீங்கள் ஆண் பெண் சரியாகப் பார்த்தீர்கள் என்பதன் மேல் நிற்கிறது. ஆறு வாரத்தில் அது எளிதில் தவறும்; செம்பூனைகளில் ஐந்துக்கு நான்கு கடுவன் என்று பொதுவாகச் சொல்வார்கள் என்பதால், செம்பட்டையைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே நன்றாக இடைவெளி விட்டு இன்னொரு வட்டப் புள்ளி இருந்து, இடையில் லேசாகப் புடைத்திருந்தால் கடுவன். கீழே மிக அருகிலேயே புள்ளிக்குப் பதில் சிறு நிலைக்கோடு இருந்தால், ஆச்சரியக்குறியைத் தலைகீழாக வைத்தது போல, பெட்டை. செம்பட்டையையும் கறுப்பையும் அருகருகே படுக்க வைத்து இரண்டையும் ஒரே சமயத்தில் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் தெரிந்துவிடும். செம்பட்டை கடுவன் என்று ஆனாலும், நீங்கள் சொன்ன இரண்டு கடுவன்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு தகப்பன் என்னும் முடிவு தளராது, கறுப்பு பெட்டையாக இருக்கும்வரை. கறுப்பும் கடுவன் என்று ஆகிவிட்டால் எல்லாக் குட்டியும் எதிர்வீட்டுச் செம்பூனைக்கே பிறந்திருக்கக்கூடும், கோழிக்கடைப் பூனையை நாம் வீணாக இழுத்திருப்போம்.